ஆச்சியின் கோல நோட்டும் திறக்காத படங்களும்

ஆச்சியிடம் மூன்று கோல நோட்டுகள் இருந்தன. கல்யாணமாகி வந்த புதிதில் ஆரம்பித்து, கண் மங்கும்வரை வரைந்து சேர்த்தவை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் “15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி” என்பது போல ஒரு கணக்கு இருக்கும், அதன் கீழே நீல மையில் கோலம். மொத்தம் 168 பக்கம். 2023 பொங்கலுக்கு ஏரல் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, நானும் தங்கச்சியும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் படம் பிடித்தோம். என் போனில் 120 பக்கம், அவளுடைய ஐபோனில் 48 பக்கம்.

அன்று சாயங்காலமே தங்கச்சி மாப்பிள்ளை இரண்டு போனிலிருந்தும் படங்களை எடுத்து, தன் மேக்புக் வழியாக ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அங்கேயே பத்துப் பன்னிரண்டு படங்களைத் திறந்து பார்த்தோம். பளிச்சென்று தெரிந்தன. பென் டிரைவைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்தேன். மெமரி கார்டில் இடம் இல்லை என்று போனில் இருந்த 120 படங்களையும் அழித்தேன். தங்கச்சி கொஞ்ச நாளில் போனையே மாற்றிவிட்டாள். அந்த ஆடியில் ஆச்சி இறந்துபோனாள்.

மார்கழி பிறந்த அன்று, டிசம்பர் 17, எங்கள் பக்கம் பெய்த மழையை யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தாமிரபரணி ஏரலுக்குள் வந்தது. அம்மா பக்கத்து மாடி வீட்டில் இருந்ததால் தப்பித்தாள். தண்ணீர் வடிந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது, கீழ்த்தட்டில் இருந்த நோட்டுகள் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து, நீலக் களியாகக் கிடந்தன. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “அதான் நீங்க போட்டோ பிடிச்சு வச்சிருக்கீங்கள்ல” என்றாள்.

வீட்டுக்குத் திரும்பி, பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினேன். ஃபோல்டரில் 336 ஃபைல்கள். இருக்க வேண்டியது 168. ஒன்றைத் திறந்தேன், திறக்கவில்லை. அடுத்ததும் திறக்கவில்லை. “இந்த வகை ஃபைலைத் திறக்க முடியவில்லை” என்ற ஒரே பதில்தான் திறந்து பார்த்த நாலைந்துக்கும் வந்தது. கை நடுங்கியது உண்மை.

நான் ஒரு அச்சகத்தில் டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலை பார்க்கிறேன். திறக்காத படத்தைக் கொண்டுவருகிறவர்களைத் தினமும் பார்ப்பவள். அப்படியிருந்தும் என் வீட்டுப் படம் என்று வந்தபோது முதல் அரை மணி நேரம் எதுவுமே ஓடவில்லை. தம்பி அதற்குள் பென் டிரைவைப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோகலாம் என்றான். அங்கே போனில் விசாரித்ததற்கு, ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும் என்று சொன்னார்களாம். நல்லவேளை, கொடுக்கவில்லை. ஃபார்மட் அடித்தால் பென் டிரைவ் வேண்டுமானால் சரியாகும். உள்ளே இருப்பது சரியாகாது. விண்டோஸே சில சமயம் “ஃபார்மட் செய்யட்டுமா” என்று கேட்கும். படங்களை வெளியே எடுக்காத வரைக்கும் அதற்கு வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் ஃபோல்டர் முழுவதையும் அப்படியே கம்ப்யூட்டருக்கு நகலெடுத்தேன். இனி எதைச் செய்தாலும் நகலில்தான் செய்வது என்று முடிவெடுத்த பிறகுதான் மனசு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. அப்புறம் ஃபைல்களை அளவு வாரியாக அடுக்கினேன். படம் திறக்காதபோது நான் முதலில் பார்ப்பது இந்த அளவைத்தான். பூஜ்யம் என்று இருந்தால் உள்ளே ஒன்றுமே எழுதப்படவில்லை, பெயர் மட்டும்தான் வந்திருக்கிறது. மூன்று நான்கு எம்பி இருக்க வேண்டிய படம் சில கேபி மட்டும் இருந்தால் அது வேறு ஏதோ ஒன்று.

அடுக்கியதும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. 168 ஃபைல்கள் ஒரே மாதிரி 4 கேபி இருந்தன. பெயரின் தொடக்கத்தில் ஒரு புள்ளியும் அடிக்கோடும். இவை படங்களே அல்ல. மேக் கம்ப்யூட்டர், விண்டோஸும் படிக்கக்கூடிய பென் டிரைவில் எழுதும்போது, ஃபைலைப் பற்றிய கூடுதல் விவரங்களை இப்படித் தனித்தனித் துணை ஃபைல்களாக எழுதி வைக்கும். பெயரின் கடைசியில் ஜேபிஜி என்பது போலப் படத்தின் வகையே இருப்பதால் படம் என்று நினைத்து நாம் திறந்துகொண்டிருப்போம். நான் முதலில் திறந்த நாலைந்தும் இவைதான். ஒதுக்கிவிட்டேன். மிச்சம் சரியாக 168.

இரண்டாவது கூட்டம் தங்கச்சி எடுத்த 48. ஹெச்இஐசி வகை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-இலிருந்து ஐபோன் இந்த வகையில்தான் படத்தைச் சேமிக்கிறது. ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரம் கிடைக்கும் என்பது இதன் நல்ல பக்கம். என் கம்ப்யூட்டரில் இதைத் திறப்பதற்கான துணைப்பகுதி இல்லை, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ‘ஹீஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ இலவசமாகக் கிடைக்கிறது. அதோடு ‘ஹெச்இவிசி’ துணைப்பகுதியும் இருந்தால்தான் ஐபோன் படம் திறக்கும், அதற்குச் சின்னத் தொகை கேட்பார்கள். இரண்டையும் போட்டதும் 48-உம் திறந்தன. அந்த நேரத்தில் எனக்கு வந்த அழுகையை நான் அடக்கவில்லை.

இந்த இடத்தில் தம்பி செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும், நிறையப் பேர் செய்வது அது. நான் அந்தப் பக்கம் போன நேரத்தில், நகலில் இருந்த ஐந்தாறு படங்களின் பெயர்க் கடைசியில் ஹெச்இஐசி என்பதை அழித்துவிட்டு ஜேபிஜி என்று மாற்றியிருந்தான். பெயரை மாற்றினால் ஃபைலின் வகை மாறாது. சீரக டப்பாவில் கடுகைப் போட்டு வைத்த கதைதான். உள்ளே இருப்பது என்ன என்று அறிய நோட்பேடில் திறந்து பார்ப்பேன். பக்கம் முழுக்கப் புரியாத குறிகள் வரும், கவலை வேண்டாம், முதல் வரியை மட்டும் பார்த்தால் போதும். ‘எக்ஸிஃப்’ (Exif) அல்லது ‘ஜேஃபிஃப்’ (JFIF) என்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் ஜேபிஜி. பிஎன்ஜி, ஜிஐஎஃப் இரண்டும் தங்கள் பெயரையே தொடக்கத்தில் எழுதி வைத்திருக்கும். முதல் சில எழுத்துகளுக்குள் ‘ஹெச்இஐசி’ (heic) என்று இருந்தால் ஐபோன் படம். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூட வேண்டும், சேமித்தால் படம் கெட்டுவிடும். இதற்கும் பொறுமை இல்லாதவர்கள் இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் சாஃப்ட்வேரில் திறக்கலாம். பெயரும் உள்ளடக்கமும் பொருந்தாவிட்டால் அது பெரும்பாலும் கண்டுபிடித்து, பெயரை மாற்றட்டுமா என்று கேட்கும்.

அச்சகத்தில் இந்த முதல் வரி எனக்கு எத்தனையோ முறை கைகொடுத்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் படம் என்று கொண்டுவருவார்கள், நோட்பேடில் திறந்தால் இணையப் பக்கத்தின் ஹெச்டிஎம்எல் எழுத்து இருக்கும். படத்தைச் சேமிப்பதாக நினைத்துப் பக்கத்தைச் சேமித்திருப்பார்கள். அச்சுக்காக சிஎம்ஒய்கே நிறத்தில் சேமித்த ஜேபிஜி சில பழைய சாஃப்ட்வேரில் திறக்காது, திறந்தாலும் நிறம் கன்னாபின்னா என்று இருக்கும். அது கெட்டுப்போன படம் இல்லை. ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ திறந்து, திரைக்கான ஆர்ஜிபி நிறத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

சரி, என் 120 படங்களுக்கு வருகிறேன். அவற்றில் 31 திறந்தன. ஒன்று பாதி தெரிந்தது. 88 திறக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் பெயர் சரி, தேதி சரி, அளவும் மூன்றரை எம்பி என்று சரியாகவே இருந்தது. நோட்பேடில் திறந்தேன். வெறும் வெள்ளை. ஃபைலின் உள்ளே எழுதியிருப்பதை எண்களாக அப்படியே காட்டுவது ஹெக்ஸ் எடிட்டர், ஹெச்எக்ஸ்டி என்ற இலவச எடிட்டரில் திறந்தேன். ஜேபிஜி என்றால் முதலில் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று தொடங்க வேண்டும். இதில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கீழே உருட்டிக்கொண்டே போனேன். கடைசி வரைக்கும் பூஜ்யம்.

அந்தப் பென் டிரைவின் மேல் 64 ஜிபி என்று அச்சிட்டிருந்தது. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியது. எல்லாவற்றையும் நகலெடுத்து முடித்த பிறகு, அதைக் காலி செய்து ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் சோதனை சாஃப்ட்வேரை ஓட்டினேன். இது பென் டிரைவ் முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதனால் உள்ளே எதுவும் மிச்சம் இல்லாதபோதுதான் ஓட்ட வேண்டும். உண்மையான கொள்ளளவு 7.4 ஜிபி என்று வந்தது.

போலிப் பென் டிரைவ் வேலை செய்வது இப்படித்தான். உள்ளே இருப்பது 8 ஜிபி சில்லு. ஆனால் தன்னை 64 ஜிபி என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும்படி மாற்றி வைத்திருப்பார்கள். ஃபைல் பெயர்களும் அளவுகளும் உள்ள அட்டவணை முன்பகுதியில் இருப்பதால் அது பத்திரமாக எழுதப்படும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வரும் ஃபைல்களின் உள்ளடக்கம் எங்கும் போய்ச் சேராது. அதில் ஏற்கெனவே 7 ஜிபிக்கு மேல் சினிமா இருந்திருக்கிறது. தங்கச்சியின் படங்கள் முதலில் போனதால் பிழைத்தன. என்னுடையதில் 31-உம் ஒரு பாதியும் எழுதியதும் இடம் முடிந்துவிட்டது.

அப்படியானால் அன்று திண்ணையில் திறந்து பார்த்தபோது எப்படித் தெரிந்தது? இது எனக்குப் பல நாள் உறுத்திய கேள்வி. இப்போதுதான் எழுதிய ஃபைலைக் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கும். உடனே திறந்தால் அங்கிருந்துதான் எடுத்துக் காட்டும். நாங்கள் பார்த்தது பென் டிரைவில் இருந்த படத்தை அல்ல. நகலெடுத்த பிறகு பென் டிரைவை முறையாகக் கழற்றி, முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, கடைசியாக ஏறிய படங்களைத் திறந்து பார்க்க வேண்டும். முதலில் ஏறியவை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். மூலத்தை அழிப்பது அதற்குப் பிறகுதான். இந்த ஒரு வேலையை நான் அன்று செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

கெட்ட படத்தைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் சாஃப்ட்வேர்களும் தளங்களும் நிறைய இருக்கின்றன. ஃபைலின் தொடக்கமான தலைப்பகுதி மட்டும் சிதைந்த படத்துக்கு அவை உதவலாம். பூஜ்யம் மட்டும் இருக்கும் ஃபைலிலிருந்து எந்தக் கொம்பனாலும் ஒன்றையும் எடுக்க முடியாது. பணம் கட்டும் முன்னால் ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள்.

மிச்சமிருந்த ஒரே வழி என் போனின் மெமரி கார்டு. பதினொரு மாதத்துக்கு முன் அழித்த படங்கள். ஃபைலை அழித்தால் அட்டவணையில் அந்த இடம் ‘காலி’ என்று குறிக்கப்படுகிறது, உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும், மேலே வேறொன்று எழுதப்படும்வரை. அந்தப் பதினொரு மாதமும் நான் அதே கார்டில் படம் எடுத்துக்கொண்டேதான் இருந்தேன், வெள்ளத்தைக்கூட. உடனே போனை அணைத்து கார்டைக் கழற்றினேன். போனைக் கேபிளில் மாட்டினால் இந்த வேலை நடக்காது, கார்டு ரீடர் வேண்டும். கார்டைப் போனின் உள் சேமிப்பாக மாற்றி வைத்திருந்தாலும் நடக்காது, அப்போது எல்லாம் வெளியே படிக்க முடியாதபடி மறையாக்கம் ஆகியிருக்கும். என்னுடையது சாதாரணமாகத்தான் இருந்தது.

வின்32 டிஸ்க் இமேஜர் என்ற சாஃப்ட்வேரில் 32 ஜிபி கார்டு முழுவதையும் அச்சு அசலாக ஒரே இமேஜ் ஃபைலாக எடுத்து வைத்துக்கொண்டேன். அப்புறம் ஃபோட்டோரெக், அழிந்த படங்களை மீட்கும் சாஃப்ட்வேர். இலவசம், மூலநிரலும் திறந்தது. அட்டவணையைக் கண்டுகொள்ளாமல், சேமிப்பிடம் முழுக்கத் தேடி ஜேபிஜியின் தொடக்கக் குறி எங்கே இருக்கிறதோ அங்கிருந்து எடுத்துக்கொண்டு வரும். கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மவுஸால் இயக்கும் வடிவமும் அதனுடனேயே வருகிறது. மீட்ட படங்களைச் சேமிக்க வேறு டிரைவைக் காட்ட வேண்டும். மீட்கும் கார்டிலேயே சேமித்தால், மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிவிடும். ஃபைல்களின் பழைய பெயர் திரும்ப வராது, எண்கள்தான். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்ததில் கோலத்தைத் தேடிப் பொறுக்க இரண்டு ராத்திரி ஆனது.

காணாமல்போன 89 பக்கங்களில் 61 முழுசாகக் கிடைத்தன. 17 பாதி. 11 இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பார்த்தோம். என் போனிலும் தங்கச்சியிடமும் அழிந்துபோயிருந்தாலும், பொங்கலன்று நான் அனுப்பிய சில படங்கள் சித்தியின் போனில் இருந்தன. வாட்ஸ்அப் சுருக்கித்தான் அனுப்பும், ஆனால் புள்ளி எண்ணுகிற அளவுக்குத் தெளிவு இருந்தது. அதில் ஒன்பது பக்கம் வந்தது. இல்லாததில் ஆறு, பாதியில் மூன்று.

மிச்சம் 14 பாதிப் படங்கள். நோட்டுப் பக்கத்துக்காக போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை. ஜேபிஜி படத்தை வரிசை வரிசையாக எழுதிக்கொண்டு போகும். ஆனால் என் போன் படத்தைப் படுக்கைவாட்டில் எழுதி, ‘திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை மட்டும் சேர்த்துவைக்கும். அதனால் கீழ்ப்பாதி போவதற்குப் பதில் இடது பாதி போயிருந்தது. வலது பாதி ஆச்சியின் கைப்பட அப்படியே, இடது பாதி சாம்பல் நிறம், சிலதில் வண்ணச் சிதறல். தலைக் கணக்கில் எண் இருந்த பக்கம் போய்விட்டது. “...க்குப் புள்ளி” என்ற வால் மட்டும் தெரிந்தது.

ஃபோல்டரில் சின்ன உருவமாகப் பார்க்கும்போது இவற்றில் சில முழுக் கோலமாகவே தெரிந்தன, திறந்தால்தான் பாதி. படத்தின் தலைப்பகுதிக்குள் போன் ஒரு குட்டிப் படத்தையும் சேர்த்து வைத்திருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற சாஃப்ட்வேரில் அதைத் தனியே எடுக்க முடிகிறது. எடுத்தேன். அகலம் 160 பிக்சல்தான், கோலத்தின் உருவம் தெரியும், புள்ளிகளை எண்ண முடியாது.

இவற்றை அச்சடித்து ஊருக்குக் கொண்டுபோனேன். அம்மா முதல் தாளை எடுத்து மடியில் வைத்து, வலது ஓரமாக மேலிருந்து கீழே விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

“பதினஞ்சு வரிசை. இடுக்குப் புள்ளி. அப்போ நடுவுல பதினஞ்சு, மேலயும் கீழயும் எட்டு. இதுக்கு எதுக்கு எண்ணு?”

தரையில் கோலப்பொடியால் எட்டுப் புள்ளி வைத்தாள். இடுக்கில் ஒன்பது, பிறகு பத்து. நடுவரிசை பதினைந்தைத் தொட்டு, மறுபடி குறைத்துக்கொண்டே எட்டுக்கு வந்தாள். தாளைப் பார்த்து வலது பக்க இழையைப் போட்டாள், அப்புறம் தாளைப் பார்க்காமலே இடது பக்கத்தைப் போட்டு முடித்தாள். சிக்குக் கோலங்களுக்கு இந்த வழி எல்லாவற்றுக்கும் ஒத்துவரவில்லை. இழை ஒரே சுழிப்பில் சுற்றிப் போகும் கோலத்தில் இடமும் வலமும் கண்ணாடி மாதிரி இருக்காது. அதற்கு அம்மா தாளைத் தலைகீழாகத் திருப்பி, அதைப் பார்த்து மறுபாதியை இழுத்தாள். குட்டிப் படத்தோடு வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. இரண்டு நாளில் பன்னிரண்டு கோலம். ஒவ்வொன்றையும் முடித்ததும் மாடிப் படியில் ஏறி நின்று படம் எடுத்தேன்.

இப்போது 161 பக்கம் இருக்கிறது. என் கம்ப்யூட்டரில் ஒன்று, தங்கச்சி வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. மாதத்தின் முதல் ஞாயிறு ஏதாவது ஒரு நகலைத் திறந்து, கடைசிப் பத்துப் படங்களைப் பார்த்துவிடுகிறேன்.

பாதியில் நின்றுபோன மற்ற இரண்டும் மயில் கோலங்கள். ஒற்றை மயில், வலப்பக்கம் தோகை, இடப்பக்கம் தலை. தோகை மட்டும்தான் கிடைத்திருக்கிறது. குட்டிப் படத்தில் கழுத்தின் வளைவு மங்கலாகத் தெரிகிறது, மூக்கும் கொண்டையும் தெரியவில்லை. “ஆச்சி மயிலுக்குக் கொண்டை எப்படிப் போடுவான்னு எனக்கு நிச்சயமா ஞாபகம் இல்லை, நானாப் போட்டா அது என் மயிலு” என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்த இரண்டு ஃபைலையும் சாம்பல் நிறத்தோடு அப்படியே வைத்திருக்கிறேன்.